திறப்பு விழா எஞ்சினும் அடுத்த 22 மாதங்களும்

டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் யூஷுகான் அருங்காட்சியக முகப்பில் நிற்கும் சி5631 நீராவி எஞ்சினைப் போற்றி எழுதியவர்களும் கண்டித்து எழுதியவர்களும் ஒரே நாளைத்தான் பற்றிக்கொண்டிருக்கிறார்கள்: 1943 அக்டோபர் 25. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின் என்பதே அதன் புகழ். 1979இல் அது தாய்லாந்திலிருந்து ஜப்பானுக்குத் திரும்பியதும் அந்தப் புகழினால்தான். இந்த நாளை மையமாக வைத்தால் கூடவே ஒரு பிரிவினையையும் ஏற்க வேண்டிவருகிறது. பாதை போட்டது தொழிலாளரின் சாவுக் கதை. வண்டி ஓடியது ராணுவப் போக்குவரத்தின் கதை. முந்தைய ஆய்வுகள் பலவும் இப்படிப் பிரித்தே எழுதப்பட்டுள்ளன. இது தவறு என்பது என் துணிபு.

சி56 வகை, ஜப்பானின் கிளைப் பாதைகளுக்கென 1930களின் நடுவில் வடிவமைக்கப்பட்ட எடை குறைந்த எஞ்சின். அவற்றுள் 90 எஞ்சின்கள், 1067 மி.மீ. பாதைக்கான சக்கரங்கள் மீட்டர் பாதைக்கு மாற்றப்பட்டு, தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேறின. 415 கி.மீ. நீளக் காட்டுப் பாதையில் பெரும்பாலும் விறகே எரிபொருள். எனவே வண்டி ஓடிய ஒவ்வொரு நாளும் மரம் வெட்டவும், பிளக்கவும், பாதையோரம் அடுக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மழையில் சரிந்த கரையையும் குண்டுவீச்சில் உடைந்த பாலங்களையும் சீர்செய்ய இன்னும் பலர். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு, திறப்பு விழாவோடு வேலையும் முடியவில்லை, சாவும் நிற்கவில்லை.

இங்கேதான் போருக்குப் பிந்தைய கணக்கு ஒன்றை மறுபடி படிக்க வேண்டும். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் 78,204, இறந்தோர் 29,634, ஓடிப்போனோர் 24,626. மூன்றாவது எண்ணை எதிர்ப்பின் அடையாளமாக வாசிக்கும் போக்கு ஒன்று உண்டு. தொழிலாளரை வெறும் பலியாட்களாகப் பார்க்க மறுக்கும் அதன் நோக்கம் மதிப்புக்குரியது. ஆனால் ஓடியவர்கள் எங்கே ஓடினார்கள்? முன்னும் பின்னும் காடு, காலரா, மலேரியா, மொழி தெரியாத ஊர்கள், வீடோ பல நூறு மைலுக்கு அப்பால். முகாமை விட்டு வெளியேறிய நாளே பதிவில் அவர்களின் கடைசி நாள். பிறகு நேர்ந்ததை இந்த எண் சொல்வதில்லை. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அறுதியிட முடியாது. ஆயினும் 24,626 பேரையும் உயிரோடிருந்தவர்களாக வைத்துக்கொண்டு சாவு விகிதம் கணக்கிடுவது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது. சிலர் தாய்லாந்து ஊர்களிலேயே தங்கிவிட்டார்கள் என்பர். உண்மைதான், அந்தச் சிலரைக் கொண்டு இத்தனை ஆயிரம் பேருக்கு விடைசொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவை போர்க்காலம் முழுமைக்குமான மொத்த எண்கள். அவற்றைக் கட்டுமான காலத்துக்கு மட்டும் உரியவையாக எடுத்தாண்டால், 1943 அக்டோபர் முதல் 1945 ஆகஸ்ட் வரையிலான 22 மாதங்களில் இறந்தவர்கள் முந்தைய காலத்துக்குள் கரைந்துபோகிறார்கள். எஞ்சின் ஓடியது அந்த 22 மாதங்களில்தான்.

போருக்குப் பின் இதே எஞ்சின் 725 என்ற எண்ணோடு தாய்லாந்தில் மேலும் 30 ஆண்டுகள் ஓடியது. அதுவே அதன் நீண்ட வாழ்வு என்று ரயில் வரலாற்றாளர்கள் வாதிடலாம். அந்த ஆண்டுகள் எஞ்சினின் சேவைக் கணக்குக்கு உரியவை. 1944இல் அதன் கொதிகலனுக்கு விறகு சுமந்தவர் யார் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. அந்தப் பதிலைக் கட்டுமான முகாம்களின் பதிவுகளோடு நிறுத்திவிடாமல், பாதையின் ஓட்டக்காலப் பதிவுகளிலும் மலாயாத் தமிழரின் வாய்மொழிச் சான்றுகளிலும் தேட வேண்டும்.