முன் கண்ணாடியும் எக்ஸ்ட்ராதாங்க!

மக்களே, ஒரு கேள்வி. காருக்கு முழு விலையும் சொல்லி முடிச்சிட்டு, "முன் கண்ணாடி வேணும்னா அதுக்குத் தனியா ஆகும் சார்"னு ஷோரூம்ல சொன்னா என்ன பண்ணுவீங்க? கையெடுத்துக் கும்பிட்டுட்டு வெளிய வந்துடுவோம்ல? ஆனா 1908-ல அமெரிக்க ஜனங்க அப்படி ஒரு வண்டியை வரிசையில நின்னு வாங்கினாங்க. ஃபோர்டு மாடல் டி.

நான் இப்ப முதல் கார் புக் பண்ற கட்டத்துல இருக்கேன். பேஸ் மாடலா, டாப் மாடலான்னு மண்டை காய்ஞ்சு போய், இந்த 'எக்ஸ்ட்ரா'ங்கற சமாச்சாரம் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். படிச்சதை உங்க தலையில இறக்கி வைக்கறேன் :-)

850 டாலருக்கு என்ன கிடைச்சது?

ஆரம்பத்துல மாடல் டி விலை 850 டாலர். அதுக்கு எஞ்சின், சக்கரம், சீட்டு, எண்ணெய் விளக்கு, ஹாரன் எல்லாம் உண்டு. மேல மூடுற கூரை, முன் கண்ணாடி, கேஸ் ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர் இதுக்கெல்லாம் தனிக்காசு. பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பார்க்க முள் கிடையாது. டேங்க் முன் சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கி, குச்சியை விட்டு அளந்து பார்க்கணும்!

ஸ்டார்ட் பண்றது அதைவிடக் கொடுமை. முன்னாடி கைப்பிடியைச் செருகி சுத்தணும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைச்சா மணிக்கட்டு உடையும். 1912-லயே காடிலாக் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரோட வந்துடுச்சு. மாடல் டி-க்கு அது வர 1919 ஆச்சு. அப்பவும் திறந்த வண்டி வாங்கறவங்க தனியாத்தான் காசு கொடுக்கணும். 1925-ல 260 டாலருக்கு வித்தாங்களே, அந்த மலிவு மாடல்ல ஸ்டார்ட்டர் கிடையாது. ஆக, கை உடையாம இருக்கறது ஒரு ஆப்ஷன்.

இந்த இடைவெளியில புகுந்து சம்பாதிச்சவங்க நிறைய. சியர்ஸ் மாதிரி தபால்ல சரக்கு அனுப்புற கம்பெனிகளோட கேட்லாக்ல மாடல் டி-க்குன்னே பக்கம் பக்கமா சாமான் இருந்துச்சு. நம்ம ஊர் கார் டெக்கர்ஸ் கடைக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா.

பாதுகாப்பும் பட்டியல்ல ஏறின கதை

அடுத்தது 1956 மாடல் ஃபோர்டு. அப்ப ஃபோர்டு பிரிவோட தலைவர் ராபர்ட் மெக்னமாரா. பின்னாடி வியட்நாம் போர்ல பேர் அடிபட்டாரே, அவரேதான். விபத்துல ஜனங்க எப்படி அடிபடறாங்கன்னு கார்னெல்ல நடந்த ஆராய்ச்சியை வெச்சு ஒரு பாதுகாப்புத் திட்டம் கொண்டு வந்தாங்க. நெஞ்சில குத்தாத ஸ்டீயரிங், மோதினா படக்குன்னு திறக்காத கதவுப் பூட்டு, இது ரெண்டும் எல்லா வண்டியிலயும் உண்டு. சீட் பெல்ட்டும், மெத்தை வெச்ச டேஷ்போர்டும் எக்ஸ்ட்ரா.

அந்த வருஷம் விற்பனையில ஷெவர்லேதான் முந்திச்சு. உடனே "பாதுகாப்பு விலை போகாது"ன்னு டெட்ராய்ட்டே முடிவு கட்டிடுச்சு. 1959-ல வோல்வோக்காரங்க நில்ஸ் போலின் வடிவமைச்ச மூணு முனை பெல்ட்டை வண்டியிலயே போட்டுக் கொடுத்தாங்க, காப்புரிமையையும் எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அமெரிக்காவுல புது கார் எல்லாத்துலயும் பெல்ட் இருக்கணும்னு சட்டம் வந்தது 1968-ல. நடுவுல எத்தனை பேர் காசு மிச்சம் பிடிச்சு உயிரை விட்டாங்களோ!

முஸ்டாங் கணக்கு

1964 ஏப்ரல்ல வந்த ஃபோர்டு முஸ்டாங், எக்ஸ்ட்ராவை ஒரு கலையாவே மாத்திடுச்சு. விளம்பரத்துல 2368 டாலர். ஆப்ஷன் லிஸ்ட் மட்டும் ரயில் வண்டி நீளம். சராசரியா ஒரு ஆள் ஆப்ஷனுக்கே 1000 டாலர் செலவழிச்சதா லீ அயகோக்கா தன் சுயசரிதையில எழுதியிருக்கார்.

பொட்டி தட்டுறவன் கண்ணோட்டத்துல ஒரு கணக்கு. வேணும், வேணாம்னு 10 ஆப்ஷன் இருந்தா 1024 விதமான வண்டி வரும். 20 இருந்தா பத்து லட்சத்துக்கும் மேல! ஃபேக்டரி என்னத்துக்கு ஆகும்? எல்லாத்தையும் மூணு நாலு கட்டா கட்டி வித்தா வேலை சுளுவு. நம்ம ஊர்ல பேஸ், மிட், டாப்னு விக்கறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். வில்லங்கமும் இங்கதான். உயிர் காக்கற ஐட்டமும், பந்தா ஐட்டமும் ஒரே கட்டுல மாட்டிக்குது.

நம்ம ஊர் ஏர்பேக்

ஜெனரல் மோட்டார்ஸ் 1974-லேருந்து 1976 வரைக்கும் சில மாடல்ல ஏர்பேக்கை ஆப்ஷனா வித்துப் பார்த்துச்சு. மொத்தமே சுமார் 10,000 வண்டிதான் போச்சு. நாற்பது வருஷம் கழிச்சு அதே கதை நம்ம ஊர்ல. 2014 ஜனவரியில குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவுல வித்த ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ அஞ்சையும் மோதிப் பார்த்துச்சு. அஞ்சும் ஏர்பேக் இல்லாத அடி மாடல். பெரியவங்க பாதுகாப்புல அஞ்சுக்கும் பூஜ்யம் ஸ்டார். அதே போலோவுல ரெண்டு ஏர்பேக் போட்டு மோதினா நாலு ஸ்டார்! ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம்னு இங்க விதி வந்தது 2019 ஜூலையில.

சரி, நான் போட்டுக்கிட்ட விதி இதுதான்:

1. பின்னாடி வெளியில மாட்டிக்கலாம்ங்கற எதுக்கும் இப்ப டாப் மாடல் கிடையாது. சீட் கவர், பாட்டுப் பெட்டி, ரிவர்ஸ் கேமரா எல்லாம் இதுல அடக்கம்.

2. ஃபேக்டரியில மட்டுமே வைக்க முடியும், அதுவும் உயிர் சம்பந்தப்பட்டதுன்னா காசு பார்க்கக் கூடாது. பக்கவாட்டு ஏர்பேக், வண்டி சறுக்காம பிடிக்கற ஈஎஸ்சி மாதிரி.

3. சன்ரூஃபும் ஃபேக்டரி ஐட்டம்தான். ஆனா மே மாச சென்னையில மண்டைக்கு மேல ஜன்னல் திறந்து வெச்சு யாருக்கு என்ன வேண்டுதல்?

இன்னிக்கு எக்ஸ்ட்ரான்னு விக்கறதுல எது நாளைக்கு முன் கண்ணாடி மாதிரி ஆகப் போகுதுன்னு யோசிச்சு வாங்கறதுதான் சூட்சுமம்னு தோணுது. நீங்க காசு கொடுத்து நொந்த எக்ஸ்ட்ரா எது, கொடுக்காம விட்டு வருத்தப்பட்டது எது? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: சன்ரூஃப் வெச்ச நண்பர்கள் கோவிச்சுக்க வேணாம். ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனா கட்சி மாறத் தயார்.