ரிஃப் மலையில் கஞ்சா: தடையும் சலுகையும் சட்டமும்

மொரோக்கோ நாட்டின் வடபகுதியில், மத்தியதரைக் கடலை ஒட்டி அமைந்துள்ள மலைத்தொடர் ரிஃப் ஆகும். உலகின் மிகப் பெரிய கஞ்சா விளைநிலப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. இம்மலைக் கிராமங்களில் பல தலைமுறைகளாகப் பயிரிடப்பட்டு வந்த கஞ்சாவை, மருத்துவத் தேவைக்கும் தொழில் தேவைக்கும் மட்டும் பயிரிட 2021 ஆம் ஆண்டில் மொரோக்கோ அரசு சட்டப்படி அனுமதித்தது. எனினும் இம்மலைக்கு அனுமதியும் புதியதன்று, தடையும் புதியதன்று. கடந்த 130 ஆண்டுகளில் வந்த ஆணைகளுள் பெரும்பாலானவை தொலைவில் இருந்த தலைநகரில் எழுதப்பட்டவை. அவற்றுள் சில, ஒரு சில கிராமங்களை உள்ளே சேர்த்துப் பெரும்பாலானவற்றை வெளியே நிறுத்தின. புதிய சட்டத்தின் எதிர்காலத்தை அறிய இவ்வரலாற்றை அறிவது தேவையாகிறது.

மலையும் பயிரும்

ரிஃப் பகுதியின் நடுவில் கெத்தாமா என்னும் மேட்டுநிலம் உள்ளது. அதன் அருகிலுள்ள திதிகின் சிகரம் ஏறத்தாழ 2,450 மீட்டர் உயரமுடையது. இங்குக் குளிர்காலத்தில் மழையும் பனியும் மிகுதி. நிலம் செங்குத்தானது, மண் வளம் குறைந்தது. கோதுமையும் வாற்கோதுமையும் வீட்டுத் தேவைக்கே போதுமான அளவு விளைவதில்லை. சாலைகள் குறைவு என்பதால் பழமும் காய்கறியும் சந்தையைச் சேருமுன் அழுகிவிடும்.

இந்தச் சூழலுக்குக் கஞ்சா பொருந்தி வந்தது. இளவேனிலில் விதைத்துக் கோடையின் இறுதிக்குள் அறுத்துவிடலாம். உலர்த்திய பயிர் எளிதில் கெடாது, கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றிச் செல்லலாம். உள்ளூர் மக்கள் உலர்ந்த பூவை நறுக்கிப் புகையிலையுடன் கலந்து, செப்சி எனப்படும் நீண்ட மரக்குழாயில் புகைத்தனர். இக்கலவைக்கு கிஃப் என்று பெயர்.

சுல்தானின் சலுகை

1890 இல் சுல்தான் முதலாம் ஹசன் கஞ்சாப் பயிரையும் வணிகத்தையும் கட்டுப்படுத்த முற்பட்டார். அப்போது கெத்தாமா, பெனி செத்தாத், பெனி காலித் ஆகிய இனக்குழுக்களுக்கு உட்பட்ட ஐந்து சிற்றூர்களுக்கு மட்டும் பயிரிடும் உரிமை வழங்கப்பட்டது. அந்த ஐந்து ஊர்கள் என்ற எல்லை ரிஃப் மக்களின் நினைவில் ஆழப் பதிந்தது. கஞ்சா எங்கள் மண்ணின் பாரம்பரியப் பயிர் என்று கெத்தாமா பகுதி உழவர்கள் இன்றும் உரிமை கோருவதற்கு அடிப்படை இதுவே.

இரு ஆட்சிகளின் காலம்

1912 இல் மொரோக்கோ பிரான்சு, எசுப்பானியா ஆகிய இரு நாடுகளின் பாதுகாப்பாட்சிக்கு உட்பட்டது. ரிஃப் எசுப்பானியர் வசம் சென்றது. 1921 இல் அனுவால் என்னுமிடத்தில் எசுப்பானியப் படையை முறியடித்த அப்துல் கரீம் அல் கத்தாபி, ரிஃப் குடியரசை நிறுவினார். சமயக் காரணம் காட்டிக் கஞ்சாப் பயிரையும் புகைப்பதையும் அவர் தடை செய்தார். இம்மலையில் பிறந்த ஓர் ஆட்சியே விதித்த தடை அது ஒன்றுதான். 1926 இல் குடியரசு வீழ்ந்தபோது தடையும் மறைந்தது.

இதே காலத்தில் புகையிலை, கிஃப் ஆகிய இரண்டின் வணிகமும் பெருமளவு பிரெஞ்சு முதலீட்டைக் கொண்ட ஒரு தனியுரிமை நிறுவனத்தின் கையில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் விளைச்சல் படிப்படியாகக் குறுக்கப்பட்டு, 1954 இல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. அந்தத் தடை எசுப்பானிய ஆட்சியில் இருந்த ரிஃப் பகுதியைக் கட்டுப்படுத்தவில்லை.

விடுதலைக்குப் பின்

1956 இல் மொரோக்கோ விடுதலை பெற்றது. கஞ்சாத் தடை வடக்கிற்கும் நீட்டிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பு எழுந்ததால் பழைய ஐந்து ஊர்களின் பயிரை மட்டும் அரசு கண்டும் காணாமல் விட்டது. பிற ஊர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எசுப்பானிய மொழியில் படித்திருந்த வடக்கு மக்களுக்குப் பிரெஞ்சு மொழியில் இயங்கிய புதிய நிர்வாகத்தில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. 1958 இல் ரிஃப் கிளர்ந்தெழுந்தது. அப்போது பட்டத்து இளவரசராக இருந்த ஹசனின் தலைமையில் சென்ற படை 1959 இல் அதை அடக்கியது. அதன் பின்னர் பல பத்தாண்டுகள் இப்பகுதி அரசு முதலீட்டில் புறக்கணிக்கப்பட்டது. ஏராளமான இளைஞர் வேலை தேடி ஐரோப்பாவுக்குச் சென்றனர்.

1960களின் இறுதியிலிருந்து ஐரோப்பாவில் கஞ்சாவின் தேவை பெருகியது. உலர்ந்த செடியைச் சலித்துப் பிசினைப் பிரித்து ஹசீஷ் தயாரிக்கும் முறை ரிஃப் கிராமங்களில் பரவியது. உள்ளூர்ப் புகைப்பொருளாக இருந்த பயிர், ஏற்றுமதிச் சரக்காயிற்று. 1974 இல் போதைப்பொருளுக்கு எதிராகக் கடுமையான அரசாணை வந்த பிறகும் விளைநிலம் விரிந்துகொண்டே போனது.

2003 இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் மொரோக்கோ அரசும் இணைந்து முதல் கணக்கெடுப்பை நடத்தின. கஞ்சா விளைந்த பரப்பு 1,34,000 எக்டேர் என்றும், அதை நம்பி வாழ்ந்தோர் ஏறத்தாழ 8,00,000 பேர் என்றும் அது கூறியது. உழவர்களுக்குக் கிடைத்த மொத்த வருவாய் 21.4 கோடி டாலர். அதாவது ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 270 டாலருக்கும் குறைவு. அதே சரக்கின் ஒட்டுமொத்த வணிக மதிப்பு ஏறத்தாழ 1,200 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. ஆதாயம் இடைத்தரகரிடமும் கடத்தல்காரரிடமும் போய்ச் சேர்ந்தது, சிறைத்தண்டனை அச்சம் உழவரிடமே தங்கியது. பிடியாணைக்கு அஞ்சிய பலர் அடையாள அட்டை புதுப்பிக்கவோ நகரத்து மருத்துவமனைக்குச் செல்லவோ தயங்கினர்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அழிப்பு நடவடிக்கைகளால் விளைநிலம் சுருங்கியது. அதே நேரத்தில் கலப்பின விதைகள் பரவின. இவை அதிகப் பிசின் தந்தன. மழையை நம்பி வளர்ந்த பெல்தியா என்னும் நாட்டு வகையைவிட மிகுதியான தண்ணீரையும் குடித்தன. ஊற்றுகளும் கிணறுகளும் வற்றத் தொடங்கின. 2016 இல் அல் ஹொசைமா நகரில் மீன் வணிகர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து எழுந்த மக்கள் இயக்கம் மருத்துவமனை, பல்கலைக்கழகம், வேலை ஆகியவற்றைக் கோரியது. வடக்கின் வறுமை மீண்டும் நாட்டின் பேசுபொருளாயிற்று.

2021 ஆம் ஆண்டுச் சட்டம்

2020 திசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், 1961 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க வாக்களித்தது. ஆதரவாக 27 நாடுகளும் எதிராக 25 நாடுகளும் வாக்களித்தன. ஆதரித்தவற்றுள் மொரோக்கோவும் இந்தியாவும் அடங்கும். சில மாதங்களில் மொரோக்கோ நாடாளுமன்றத்தில் 13-21 எண்ணுள்ள சட்டம் முன்வைக்கப்பட்டது. ஆளுங்கூட்டணிக்குத் தலைமை தாங்கிய நீதி, வளர்ச்சிக் கட்சியே இதில் பிளவுபட்டது. முன்னாள் பிரதமர் அப்துல் இலா பென்கிரான் எதிர்ப்புத் தெரிவித்துத் தம் கட்சி உறுப்பினர் நிலையை நிறுத்தி வைத்தார். எனினும் சட்டம் 2021 இல் நிறைவேறியது.

அல் ஹொசைமா, செஃப்சாவுன், தாவுனாத் ஆகிய மூன்று மாகாணங்களில் மட்டும் பயிரிடலாம். உழவர் அம்மாகாணத்தில் வசிக்க வேண்டும், கூட்டுறவுச் சங்கத்தில் சேர வேண்டும். நிலம் தம்முடையது என்றோ, உரிமையாளரின் இசைவு உண்டு என்றோ, தாமே அதை உழுகிறார் என்றோ சான்று காட்ட வேண்டும். விளைச்சலை உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி விற்க வேண்டும், உபரியை அழித்துவிட வேண்டும். போதைக்காகப் பயன்படுத்துவது முன்போலவே குற்றம். இவற்றைக் கண்காணிக்கத் தேசிய ஒழுங்குமுறை முகமை ஒன்று அமைக்கப்பட்டது.

முதல் அறுவடைகள்

சட்டப்படியான முதல் அறுவடை 2023 இல் நடந்தது. 32 கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 416 உழவர்கள் 294 டன் விளைவித்தனர். 2024 இல் பெல்தியா வகைக்கும் அனுமதி கிடைத்தது. உரிமம் பெற்ற உழவர் எண்ணிக்கை ஆயிரங்களை எட்டியது, விளைச்சல் 4,000 டன்னைத் தாண்டியது. செஃப்சாவுன் மாகாணத்து மலை ஊரான பாப் பெர்ரெதில் பதப்படுத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. 2024 ஆகத்து மாதம் மன்னர் ஆறாம் முகம்மது, கஞ்சாப் பயிர் வழக்குகளில் தண்டனை பெற்றோர், தேடப்பட்டோர் என 4,831 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். ஒரு கூட்டுறவுச் சங்க விண்ணப்பத்தில் தம் பெயரை எழுதவே அஞ்சியிருந்த உழவருக்கு, உரிமத்தைவிட இந்த மன்னிப்பே முதல் தேவையாக இருந்தது.

எதிர்கால வாய்ப்பு

2024 இல் சட்டப்படி பயிரிடப்பட்ட நிலம் 2,000 எக்டேரைச் சற்றே தாண்டியது. மலையில் நடக்கும் மொத்தப் பயிரில் இது சிறு பங்குதான். எஞ்சியோர் வெளியே நிற்பதற்குக் காரணங்கள் உள்ளன. பலரது நிலத்துக்கு முறையான ஆவணம் இல்லை. சில வயல்கள் காட்டுநிலத்தை வெட்டி உருவானவை. சட்டப்படி விற்றவர் நிறுவனம் பணம் தரும்வரை காத்திருக்க வேண்டும், கள்ளச்சந்தை வணிகரோ வீட்டுவாசலில் ரொக்கம் தருகிறார். மருந்துக்கான விளைச்சலுக்குத் தரச் சோதனை, சேமிப்புக் கிடங்கு, சாலை ஆகிய அனைத்தும் வேண்டும். இவை சமவெளியில் எளிது, மலையில் அரிது. மூன்று மாகாணங்களைத் தாண்டிப் பயிர் விரிவடைந்தால், பாசன வசதியுள்ள பெரும் பண்ணைகளோடு சிற்றூர் உழவர் போட்டியிட நேரும். அதனால் பகுதி வரையறை அவர்களுக்கு வேலியாகவும் இருக்கிறது, காப்பாகவும் இருக்கிறது.

1890 இல் ஐந்து ஊர்களுக்குக் கிடைத்தது சலுகை. சலுகையை எழுதியவர் விரும்பியபோது திரும்பப் பெறலாம், ரிஃப் வரலாற்றில் அது நிகழ்ந்தும் இருக்கிறது. 2021 ஆம் ஆண்டுச் சட்டம் அதிலிருந்து வேறுபட்டதாக அமைய வேண்டுமானால், நில ஆவணமும் சாலையும் நியாயமான விலையும் உரிமத்தோடு சேர்ந்து மலையேற வேண்டும். இல்லையெனில் ஆவணமும் வசதியும் உள்ள கிராமங்கள் புதிய ஐந்து ஊர்களாகும். மற்றவை பழைய சந்தைக்கே விளைவித்துக்கொண்டிருக்கும்.