இறுதியாட்டத்தை எட்டியவர்கள்

உதைபந்தாட்டம் பற்றிய பொது அறிவு நம் மாணவரிடம் குறைந்துவிட்டதென்று எவரும் குறைகூற முடியாது. ஐரோப்பியக் கழகக் கிண்ணத்தின் இறுதியாட்டத்திலும் உலகக் கிண்ண இறுதியாட்டத்திலும் ஒரே ஆண்டில் ஆடி இரண்டையும் வென்றவர் யாவர் என்று ஒலுவிலில் எட்டாம் வகுப்பு மாணவனைக் கேட்டாலும் விடை உடனே வரும். 1998இல் கரம்பே, 2002இல் ரொபேர்ட்டோ கார்லோஸ், 2018இல் வரான். சற்று ஆழமாகக் கற்றவன் 1974ஆம் ஆண்டுக்குச் செல்வான். அவ்வாண்டு மே மாதத்தில் பயேர்ண் மியூனிக் கழகத்திற்கு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்த பெக்கன்பவர், மயர், முல்லர் முதலிய ஆறு பேர், ஜூலை 7ஆம் நாள் ஒல்லாந்தை வென்ற மேற்கு ஜேர்மனியின் அணியிலும் நின்றனர்.

இத்தகைய பட்டியல்களை வீண்பொழுதென்று தள்ளும் ஆசிரியருள் நான் ஒருவன் அல்லன். கழகத்தின் இறுதியாட்டத்தையும் நாட்டின் இறுதியாட்டத்தையும் ஒருவன் எட்டினான் என்றால் அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்தது எது என்று கேட்க அப்பட்டியல் இடந்தருகிறது. ஆனால் நம்மவர் அக்கேள்வியைக் கேட்பதில்லை. பெயரை மனனம் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். அதே வினாவை வங்கக் கடலின் கரைகளை நோக்கித் திருப்பினாலோ, பெயரும் தெரியாமற்போகிறது.

பீட்டர் தங்கராஜ் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953இல் இந்தியப் படையில் சேர்ந்தவர். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த நெடிய உருவினரான அவரை, மதராஸ் ரெஜிமெண்ட் மையத்து அணியே கோல் காப்பாளராக மாற்றியது. அந்த அணி 1955இலும் 1958இலும் டுராண்ட் கிண்ணத்தை வென்றது. நான்கு ஆண்டுகளின் பின், ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் இந்தியாவின் கோலைக் காத்து நின்றவரும் அவரே. ஒரு சிப்பாய் கழகத்தின் உச்சத்தையும் நாட்டின் உச்சத்தையும் தொட்ட கதை இது. அக்கதையை விளங்கிக்கொள்ள அக்கிண்ணத்தின் பிறப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

டுராண்ட் கிண்ணம் 1888இல் சிம்லா மலையில் தோன்றியது. அதனை நிறுவிய மோர்ட்டிமர் டுராண்ட் பிரித்தானிய இந்திய அரசின் வெளிவிவகாரச் செயலாளர். பின்னர் ஆப்கானிஸ்தானத்திற்கு எல்லை கிழித்தவரும் அவர்தாம். வெள்ளைச் சிப்பாய்களின் உடலையும் கட்டுப்பாட்டையும் பேணுவதற்காக எழுந்த ஆட்டத்தில், ஆளப்படுவோருக்குப் பார்வையாளர் இடமே முதலில் கிடைத்தது. அந்த ஒழுங்கு முதலில் உடைந்த இடம் கல்கத்தா. 1911 ஜூலை 29ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்ஷயர் ரெஜிமெண்ட் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. ஷிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தனர். பதினொருவருள் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். சப்பாத்து அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. அவர் ஓர் ஆசிரியர். அவ்வாண்டு டிசம்பரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. தலைநகரும் தில்லிக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. ஆட்டத்தையும் அரசாணையையும் முடிச்சுப் போட்டுப் பேசுவார் உளர். அது ஆசையின் வேலையேயன்றி ஆதாரத்தின் வேலை அன்று. ஆயினும் ஆள்பவனைச் சமதரையில் எதிர்கொள்ள முடியும் என்பதைப் பல்லாயிரம் பேர் அன்று கண்ணாற் கண்டனர்.

அடுத்த பெரும் உடைப்பு முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தினது. 1934 தொடங்கி 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்றது அக்கழகம். அதற்கு முன் எந்த இந்தியக் கழகமும் அந்த லீக்கை ஒருமுறையேனும் வென்றதில்லை. பெங்களூரிலிருந்தும் தொலைதூரக் குவெட்டாவிலிருந்தும் வீரரைத் திரட்டியது. மழையில் ஊறிய தரையில் சப்பாத்து அணிந்து ஆடப் பழக்கியது. 1936இல் கேடயத்தையும், 1940இல் தில்லியில் ராயல் வோர்விக்ஷயர் ரெஜிமெண்ட் அணியை வென்று டுராண்ட் கிண்ணத்தையும் பெற்றது. டுராண்ட் கிண்ணத்தை ஓர் இந்தியக் குடிசார் அணி வென்றது அதுவே முதன்முறை. அவ்வெற்றி நம் கரையோர முஸ்லிம் ஊர்களில் உள்ளோருக்கும் பெருமிதம் தரக்கூடியதே. ஆனால் ஒன்றை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. கல்கத்தாவின் ஏழை முஸ்லிம்கள் அக்கழகத்தில் தம் மானத்தைக் கண்டனர். வகுப்புவாத அரசியலார் அதே கழகத்தில் வாக்குகளைக் கண்டனர். மைதானத்தின் ஓரங்களில் இனப்பகை வளர்ந்தது அந்த ஆண்டுகளில்தான்.

இந்நிலையில் ஹைதராபாத்தில் ஒரு பாடசாலை ஆசிரியர் வேறொரு வழியில் உழைத்துக்கொண்டிருந்தார். சையத் அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். 1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரான அவர், வகுப்பறையில் கையாளும் முறையையே மைதானத்திலும் கையாண்டார். பந்தைக் காலோடு உருட்டிச் செல்லாமல் உடனுக்குடன் பிறருக்குத் தள்ளிவிட வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் வைத்தார்; பலங்குன்றிய காலால் மட்டுமே ஆட வேண்டும் என்றும் போட்டிகள் வைத்தார். கெட்டிக்கார மாணவனைக் கொண்டு பெயரெடுப்பது எளிது. ரஹீமின் முறையோ ஒவ்வொருவனிடத்தும் உள்ள குறையைத் தேடிப் பிடித்துத் திருத்துவது. அவர் பயிற்றிய ஹைதராபாத் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற சிற்றூரின் வறிய இளைஞன் துளசிதாஸ் பலராம், பயிற்சிக்கு வர வழியின்றி நின்றபோது சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்தவரும் ரஹீமே. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று எனத் தோற்றது. 1911இல் பெருமையாயிருந்த வெறுங்கால் பின்தங்குதலின் அடையாளமானதை அவர் நேரிற் கண்டார்.

ஏனைய வீரர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். பி.கே. பானர்ஜி ரயில்வே ஊழியர். அவர் ஆடிய கிழக்கு ரயில்வே அணி 1958இல் பெருங்கழகங்களைப் பின்தள்ளிக் கல்கத்தா லீக்கை வென்றது. யூசுப் கான் பொலிஸ் அணியினர். தங்கராஜ் படையினர். படையும் ரயில்வேயும் பொலிசும் கொடுத்த மாதச் சம்பளமும் வேளைச் சோறுமே இவர்களை ஆட்டக்காரராக வைத்திருந்தன. திறமைக்குப் பஞ்சமில்லாத தேசத்தில் திறமையைச் சாப்பாடு போட்டுக் காப்பவர் யார் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

1962 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நடந்த விழாவில் இந்தியா முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல்களால் தோற்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து ஆறு தையல் போட நேர்ந்தது. தங்கராஜோ நோயுற்றுப் படுத்தார். யப்பானையும் தென் வியட்நாமையும் வென்று இறுதியாட்டத்தை எட்டியபோது வெளியே வேறொரு புயல் வீசிற்று. இஸ்ரவேலையும் தைவானையும் விழாவிற்கு அழைக்காமைக்காக இந்தியப் பிரதிநிதி சோந்தி இந்தோனேசியாவைக் கண்டித்தார். கொதித்தெழுந்த கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. அதிகாரிகளின் வார்த்தைக்கு ஆட்டக்காரர் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

செப்டெம்பர் 4ஆம் நாள், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நிறைந்த செனாயன் அரங்கில் இந்திய அணி நுழைந்தபோது எழுந்தது கூச்சலும் ஏளனமுமே. பின்வரிசை வீரரான ஜர்னைல் சிங்கைத் தலைத் தையலோடு முன்வரிசையில் நிறுத்தினார் ரஹீம். தங்கராஜை மீண்டும் கோலில் நிறுத்தினார். பதினேழாம் நிமிடத்தில் பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிடங்களின் பின் ஜர்னைல் சிங் மற்றொன்று. ஐந்தே நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது கொரியா ஒன்றைத் திருப்பியது. அதற்குமேல் தங்கராஜ் விடவில்லை. அந்தப் பகைக் கூட்டத்தின் நடுவே இந்தியாவிற்காகக் கைதட்டி ஆர்ப்பரித்தவர்கள் பாகிஸ்தானின் ஹொக்கி வீரர்கள் என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். வங்காளியான சுனி கோஸ்வாமி தலைமையில் சீக்கியரும், கோவாக் கிறித்தவரான பிராங்கோவும், ஹைதராபாத் முஸ்லிமான யூசுப் கானும், தமிழ்ப் பெயர் தாங்கிய தங்கராஜும் ஓரணியாய் நின்றனர். இவர்களை ஒன்றுசேர்த்த ரஹீம் அப்போதே புற்றுநோயால் நலிந்திருந்தார். 1963 ஜூன் 11ஆம் நாள் அவர் மறைந்தார். ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்ட இறுதியாட்டத்தை இந்தியா அதன்பின் ஒருமுறையும் எட்டவில்லை.

நம் நாட்டின் கணக்கு சிறிது. 1933இல் கொஸ்தா பால் தலைமையில் இந்திய அணி இலங்கைக்கு வந்து ஆடிச் சென்றது. 2006இல் டாக்காவில் ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதியாட்டத்தை இலங்கை எட்டி, தஜிகிஸ்தானிடம் நான்கு கோல்களால் தோற்றது. நாம் வென்ற இறுதியாட்டம் 1995இல் கொழும்பு சுகததாச அரங்கில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தினது. மேலதிக நேரத்தில் விழுந்த ஒரே கோலால் இந்தியாவை வென்றோம். அவ்வேளை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் நிலவிற்று. வடக்கிலும் கிழக்கிலும் மாலை வேளையில் பிள்ளைகள் வெளியே நடமாடக் கூடிய சில வாரங்கள் அவை. உதைபந்தாட்டம் மாலையின் ஆட்டம் அன்றோ? ஏப்ரல் 19இல் போர்நிறுத்தம் முறிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் மாலை என்பது எங்கள் கரையில் கதவடைக்கும் நேரமாயிற்று. எந்த ரஹீமும் எந்தப் பிள்ளையையும் அந்த நேரத்தில் மைதானத்திற்கு அழைத்திருக்க முடியாது.

2009இல் போர் முடிந்தது. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. அதன் வடபுறத்தில் கடல் கரையை அரித்துக்கொண்டு ஏறிற்று. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பிள்ளைகள் பந்து உதைத்த மணற்பரப்பும் அவற்றோடு போயிற்று.