தாமதத்தின் வரலாறு



தூரமே தாமதத்திற்குக் காரணம் என்பது மலைநாட்டவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எண்ணம். பழைய காலத்திற்கு அது பொருந்தியதே. காலித் துறைமுகத்துக் கப்பல்கள் கொணர்ந்த செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து சேர்க்க, ‘சிலோன் ஒப்சேர்வர்’ பத்திரிகையார் 1850களில் புறாக்களைப் பறக்கவிட்டனர். 1858இல் அவ்விரு நகர்களுக்கும் இடையே தந்திக் கம்பி அமைந்தது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. தூரம் படிப்படியாகச் சுருங்கியது.

இன்று தோட்டத்து லயத்தில் அமர்ந்த இளைஞன் ஒருவன், கைத்தொலைபேசியில் அயல்நாட்டாரோடு துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான். அவன் விசையை அழுத்துகிறான், குண்டு பிந்திப் பாய்கிறது, தோற்கிறான். ‘லேக்’ என்று சலித்துக்கொள்கிறான். ‘நாம் மலையில் இருக்கிறோம், நமக்கு இவ்வளவுதான்’ என்று தோழர்கள் தேற்றுகின்றனர். இக்கூற்று மெய்தானா?

கணக்கிட்டுக் காண்போம். கண்ணாடி இழையினுள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இழை 150 கிலோமீற்றர் வளைந்து சென்றாலும், செய்தி போய்த் திரும்ப ஒன்றரை மில்லி வினாடி போதும். விளையாட்டை நடத்தும் கணினி சிங்கப்பூரில், 3,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பின், இன்னும் 30 மில்லி வினாடி சேரும். திரையிலோ 200 என்று காட்டுகிறது. எஞ்சிய பெரும்பகுதி நடந்த நேரமன்று; பெரும்பாலும் நின்ற நேரமே.

கொழுந்து மடுவத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. மலையிலிருந்து மடுவத்துக்கு வரும் வழி என்றும் ஒன்றே. எனினும் எல்லோரும் ஒருசேரக் கூடையோடு தராசின் முன் நிற்கும் வேளையில், நடையினும் வரிசையே நேரத்தை விழுங்குகிறது அன்றோ?

இவ்வுண்மையை அறிஞர் உலகும் மெல்ல மெல்லவே கண்டது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ், ஒரு சிறு செய்தியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை அளக்கும் ‘பிங்’ என்னும் கருவிநிரலை எழுதினார். 1986 ஒக்டோபரில் விந்தையொன்று நிகழ்ந்தது. கலிபோர்னியாவில் வெறும் 400 யார் இடைவெளியிலிருந்த இரு நிலையங்களுக்கிடையே, வினாடிக்கு 32,000 பிட் சென்ற வழியில் 40 பிட்டே சென்றது. தூரத்தைக் குற்றஞ்சாட்ட அங்கு இடமேது? வான் ஜேக்கப்சன் ஆராய்ந்தார். வழி நிரம்பியிருக்கையிலும் கணினிகள் அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலைப் பெருக்கின எனக் கண்டு, 1988இல் பரிகாரத்தை வெளியிட்டார்.

பின்னர் நினைவகம் மலிந்தது. ஒரு பொதியும் இழக்கலாகாது என்று கருவி செய்வோர் காத்திருக்கும் கூடங்களைப் பெருக்கினர். 2010இல் ஜிம் கெட்டிஸ், தம் வீட்டு இணைப்பு தடுமாறுவதன் காரணத்தைத் தேடி, அந்தக் கூடங்களே நோய் என்றறிந்தார். 2012இல் கத்லீன் நிக்கல்சும் ஜேக்கப்சனும், வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணாது, எவ்வளவு நேரம் நின்றனர் என்று அளந்து வரிசையைக் குறைக்கும் முறையை வகுத்தனர்.

விளையாட்டு அமைப்போரும் வாளாவிருக்கவில்லை. 1996இல் ‘குவேக்வேர்ல்ட்’, விடை வருமுன்னரே ஆடுபவனின் அசைவைத் திரையில் காட்டத் தொடங்கிற்று. பின்வந்த பல விளையாட்டுகள், சுட்டவன் கண்ட கணத்துக்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பித் தீர்ப்பளிக்கின்றன. சுவருக்குப் பின் ஒளிந்த பிறகும் குண்டுபடுவது இதனாலேயே. எதிரியின் வஞ்சகம் என்று எண்ணற்க.

ஆகவே தாமதம் கண்டவர் படிப்படியாக அளத்தல் வேண்டும். முதலில் வீட்டு ரவுட்டருக்கு. அடுத்து இணைப்பு வழங்குவோருக்கு. இறுதியில் விளையாட்டுக் கணினிக்கு. முதற்படியிலேயே தாமதமெனின் குறை வீட்டில். வைஃபையை விடுத்துக் கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். வீட்டில் எவரேனும் படங்களை அனுப்புகையில் மட்டும் ஏறுமாயின் குறை வரிசையில். நள்ளிரவில் சீராகவும் இரவு எட்டு மணிக்கு மோசமாகவும் இருப்பின், பல லயங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்வதைச் சந்தேகிக்கலாம். நேரத்தையும் எண்ணையும் ஒரு கொப்பியில் ஒரு வாரம் குறித்தல் நன்று.

இது விளையாட்டளவில் நிற்பதன்று. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடியபோது, அலை தேடி மேடேறிய பிள்ளைகளை மலைநாடு கண்டது. பாடத்தையும் தொழில் நேர்முகத்தையும் தடுப்பது இதே தாமதந்தான். மலையை எவரும் நகர்த்த முடியாது. வரிசையைக் குறைக்க முடியும். ‘மெதுவாக இருக்கிறது’ என்ற முறைப்பாட்டைத் தட்டிக்கழித்தல் எளிது. நாளும் நேரமும் எண்ணும் குறித்த கொப்பியை அவ்வாறு தட்டிக்கழித்தல் எளிதன்று.