வாயாடி என்னும் சொல்

மிகையாகப் பேசுவோரைச் சுட்டுதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. வளவளத்தல், தொணதொணத்தல், சளசளத்தல் என ஒலிக்குறிப்பாற் பிறந்தன ஒருசார். ஓட்டைவாயன், உளறுவாயன் என உறுப்பைக்கொண்டு எழுந்தன மற்றொருசார். யாழ்ப்பாணத்தார் 'அலட்டாதே' என்று அதட்டுவர். மலைநாட்டு லயங்களிலோ 'வாயாடி' என்பதே பெருவழக்கு.

வடமொழியில் 'வாசாலன்' என்பது வீண்பேச்சுக்காரனை இகழும் சொல். நன்கு பேசுவோனுக்கு 'வாக்மி' எனப் பாணினி வேறு சொல் விதித்தார். அவ்விகழ்ச்சிச் சொல்லே தமிழிற் புகுந்து 'வாசாலகம்' ஆனபோது, இழிபு நீங்கிப் பேச்சுத்திறனைக் குறிக்கலாயிற்று. சொற்களுக்கும் இடமாற்றத்தால் நல்வாழ்வு கிட்டுவதுண்டு போலும்!

வள்ளுவர் அளவினும் பயனையே நோக்கினார். 'பயனில சொல்லாமை' என ஓர் அதிகாரம் வகுத்து, வெற்றுரையைப் பாராட்டுவோனைப் 'பதடி' என்றார். பதடியாவது உள்ளீடற்ற பதர். நன்னூலார் நூற்குற்றம் பத்தினை எண்ணுமிடத்து 'மிகைபடக் கூறல்', 'மற்றொன்று விரித்தல்' என்பவற்றைச் சேர்த்தார். ஆயினும் முதற்கண் நிறுத்தியது 'குன்றக் கூறல்' என்பதையே. பத்தினையும் மனனம் செய்யும் மாணாக்கர் இவ்வரிசையைக் கவனிப்பது அரிது.

இலக்கணப்படி 'வாயாடி' இருபாற்கும் பொது. வழக்கிலோ பெரும்பாலும் பெண்ணையே சுடும். தேயிலைத் தோட்டத்தில் அதற்குத் தனிக் கூர்மையும் உண்டு. கொழுந்து நிறுக்குமிடத்தில், 'எத்தனை ராத்தல் கழித்தீர்கள்?' என்று கேட்டவள் வாயாடி. முழுப்பேர் போடாது அரைப்பேர் போட்டதேன் என்று வினவியவளும் வாயாடியே. கேள்வி சிறியது, பயனுடையது. வள்ளுவர் அளவுகோலால் அதிற் குற்றம் காணவியலாது.

சட்டமும் ஒருகாலத்தில் கங்காணியின் பக்கமே நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், பணியாளர் துடுக்காக நடத்தலைக் குடிமயக்கம், கட்டளை மீறல் ஆகியவற்றோடு ஒருங்குவைத்து, மூன்று மாதம்வரை சிறைத்தண்டனைக்கு இடமளித்தது. எது துடுக்கு, எது முறையீடு என்பதை முதலில் தீர்மானித்தவர் துரையே. அக்காலத்தில் வாய்திறந்தோர் பலர் அல்லர். அதில் வியப்பும் இல்லை.

1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியபோது, அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிலே பாடியும் பேசியும் தொழிலாளரை ஈர்த்தார். பெண்ணொருத்தி மேடையேறி நெடுநேரம் பேச, அதனைப் பெண்கள் அமர்ந்து கேட்டது இம்மலைகளுக்குப் புதிது.

எங்கள் றொசல்லப் பகுதியில் பாட்டிமார் பேத்தியரை 'வாயாடி' எனச் சிரித்தபடியே அழைப்பதை இன்றும் கேட்கிறேன். கொழுந்து மடுவத்தில் அச்சொல் எழும்போது ஒருவரும் சிரிப்பதில்லை.