பத்தாம் தேதிக் கணக்கு

பரணில் இருந்த பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது 1988-ஆம் வருடத்து பாஸ்புக் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு வரியைப் பார்த்ததும் இந்தக் கதையை எழுதத் தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது தி.நகரில் ஒரு பள்ளியில் வேலை. சம்பளம் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. ஊரில் நிலம் விற்றதில் அம்மாவின் பங்காக 40,000 ரூபாய் வந்தது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி சேமிப்புக் கணக்கில் போட்டேன். செப்டம்பர் 28-ஆம் தேதி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க எடுத்தேன். 48 நாள் வங்கியில் இருந்த பணம். அரையாண்டு முடிந்து வட்டி பதிந்து வந்த புத்தகத்தைப் பார்த்தால், அந்த நாற்பதாயிரத்துக்கு ஒரு பைசா வட்டி இல்லை!

வங்கிக்காரர் தவறு செய்துவிட்டார் என்று சண்டை போடவே கிளம்பினேன். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார்தான் நிறுத்தினார். "டீச்சர், பத்தாம் தேதிக்குள்ளே போட்டீங்களா?" என்று கேட்டார்.

அன்றைய விதி இதுதான். மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் எந்தத் தொகை மிகக் குறைவாக இருந்ததோ, அதற்கு மட்டும்தான் அந்த மாத வட்டி. நான் 11-ஆம் தேதி போட்டதால் ஆகஸ்ட் போயிற்று. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது எடுத்ததால் செப்டம்பரும் போயிற்று. ஒரு நாள் முன்னால் போட்டு, மூன்று நாள் கழித்து அக்டோபர் 1-ஆம் தேதி எடுத்திருந்தால், அன்றைய 5 சதவீதத்தில் இரண்டு மாத வட்டி 333 ரூபாய். அன்று எங்கள் வீட்டு மளிகைச் செலவில் பெரும்பங்கு அது.

விதி தெரிந்தவர்கள் இதையே சாமர்த்தியமாகப் பயன்படுத்தினார்கள். முதல் தேதி பணத்தை எடுத்து, ஒன்பது நாள் வேறு காரியத்துக்குப் புரட்டி, பத்தாம் தேதிக்குள் திருப்பிப் போட்டுவிட்டால் முழு மாத வட்டியும் வரும். ஒன்பதாம் தேதி மாலை மயிலாப்பூர் வங்கிக் கிளைகளில் வரிசை நீளமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

ஏன் இப்படி ஒரு விதி? எல்லாம் கை லெட்ஜர் காலம். ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குத் தினமும் இருப்பு பார்த்து வட்டி போட யாரால் முடியும்? மாதத்துக்கு ஒரு எண் எடுத்தால் வேலை சுலபம். ஆனால் லாபம் பெரும்பாலும் வங்கி பக்கம். கணக்கில் 10,000 ரூபாய் வைத்திருப்பவர் ஒரே ஒரு நாள் 9,000 எடுத்து மறுநாள் போட்டாலும், அந்த மாதம் ஆயிரத்துக்குத்தான் வட்டி.

கிளைகள் கணினிமயமான பிறகும் இது தொடர்ந்தது. கடைசியில் ரிசர்வ் வங்கி 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிட வேண்டும் என்றது. மேலே சொன்ன அதே ஆளுக்கு, அன்றைய 3.5 சதவீதத்தில், முப்பது நாள் மாதத்தில் பழைய முறையில் கிடைத்தது சுமார் 2 ரூபாய் 92 காசு. புதிய முறையில் 27 ரூபாய் 90 காசு. 2011 மே மாதம் விகிதம் 4 ஆனது. அதே அக்டோபரில் விகிதத்தை வங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முறை நியாயமானது, விகிதம் தேய்ந்தது. இன்று பெரிய வங்கிகள் பலவற்றில் 2.5 சதவீதம்தான்.

பத்தாம் தேதி ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தபால் நிலைய சேமிப்புக் கணக்கில் இன்றும் அதே விதிதான். பி.பி.எஃப். கணக்கில் அது ஐந்தாம் தேதி: 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்த இருப்புக்கே வட்டி. வருடத்துக்கான ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 5-க்குள் போடாமல் 6-ஆம் தேதி போட்டால், 7.1 சதவீதத்தில் 887 ரூபாய் 50 காசு நஷ்டம்.

இவ்வளவும் தெரிந்த நானே ஏமாந்தேன். மகன் என் கணக்கிலிருந்து அவனுடைய பி.பி.எஃப்.-க்கு மாதம் 5,000 தானாகப் போகும்படி செல்போனில் ஏற்பாடு செய்தான். தேதி? ஏழு! சம்பளம், வாடகை எல்லாம் முடிந்த பிறகு போகட்டும் என்று வைத்தானாம். ஒவ்வொரு தவணையும் ஒரு மாத வட்டியை இழந்து, வருடத்துக்கு 355 ரூபாய். இரண்டு வருடம் நான் கவனிக்கவே இல்லை. விடுமுறை குறுக்கிட்டாலும் ஐந்தைத் தாண்டக்கூடாது என்று இப்போது 2-ஆம் தேதிக்கு மாற்றியாயிற்று. "355 ரூபாய்க்காம்மா இவ்வளவு?" என்று சிரித்தான். 1988 பாஸ்புக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.