முதல் பக்கத்தின் சுருதி

என் அலமாரியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஒரே ஆல்பத்தை எதுக்கு சார் நாலு தடவை வாங்கியிருக்கீங்க?" என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இப்போது கேட்பதை விட்டுவிட்டாள். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்னிடம் ஒரு எல்.பி.யாகவும் மூன்று சி.டி.க்களாகவும் இருக்கிறது. நாலும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஒரு நண்பனுக்கு நான் செய்த அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆல்பம் 1959-ல் இரண்டே நாட்களில் பதிவானது. மார்ச் 2 ஒரு நாள், ஏப்ரல் 22 இன்னொரு நாள். இடம் நியூயார்க்கில் கிழக்கு 30-வது தெருவில் கொலம்பியா கம்பெனி வைத்திருந்த ஸ்டூடியோ. முன்னாளில் அது ஒரு தேவாலயம். சுமார் நூறடி உயரக் கூரை. அந்தக் கூடத்தின் எதிரொலிக்காகவே இசைக் கலைஞர்கள் அங்கே பதிவு செய்ய ஆசைப்படுவார்களாம். 1980-களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள்.

வாசித்தவர்கள் மொத்தம் ஏழு பேர். டிரம்பெட்டில் மைல்ஸ் டேவிஸ், சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும், பியானோவில் பில் எவன்ஸ் (ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வின்டன் கெல்லி), பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். ஒலிப்பதிவு செய்தவர் ஃப்ரெட் ப்ளாவுட். மார்ச் 2-ல் பதிவான மூன்று பாட்டுகளும் தட்டின் முதல் பக்கத்தில் வந்தன. ஏப்ரலில் பதிவான இரண்டும் இரண்டாம் பக்கம். இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் 1974-ல் அந்த எல்.பி.யை வாங்கி வந்தான். எனக்கு ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மா பாட்டு சொல்லிக்கொடுத்த வீட்டில் வளர்ந்ததால் கர்நாடக சங்கீதம் காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். முதல் பாட்டு 'சோ வாட்' ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் சுர வரிசை அப்படியே நம் கரகரப்பிரியா! பதினாறு பார் அந்த வரிசையில் போகிறது. பிறகு எட்டு பார் அதே வரிசை அரைச்சுரம் மேலே ஏறி நிற்கிறது. மறுபடி எட்டு பார் பழைய இடத்துக்கே இறங்குகிறது. தம்புராவைச் சட்டென்று அரைச்சுரம் ஏற்றி இறக்கியது போல. கமகம் இல்லை, ராக லட்சணம் இல்லை. ஆனாலும் ஒரே வரிசைக்குள் நின்று நிதானமாக உலவுகிற அந்தப் போக்கு எனக்கு அந்நியமாகப் படவில்லை.

என் நண்பன் ஒருவன் அப்போது கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தான். ஞாயிறு காலை சர்ச்சில் வாசிப்பான், கல்யாண வரவேற்புகளில் வாசிப்பான். அந்தத் தட்டைக் கேட்டதிலிருந்து ஞாயிறு மாலைகளில் கிளாரினெட்டோடு என் வீட்டுக்கு வந்துவிடுவான். தட்டைச் சுழலவிட்டுக் கூடவே வாசித்துப் பார்ப்பான்.

மூன்றாவது வாரமே சொன்னான்: "டேய், இந்த ரிக்கார்டு சுருதி ஏறியிருக்குடா."

"உன் வாத்தியம் இறங்கியிருக்கு" என்றேன் நான்.

கிளாரினெட்டில் வாய் வைக்கும் பகுதிக்குக் கீழே குட்டையாக ஒரு குழல் இருக்கும். பேரல் என்பார்கள். அதை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். அவன் முழுக்க உள்ளே தள்ளிவிட்டும் முதல் பக்கத்தோடு சேரவில்லை. சரி, டர்ன்டேபிள்தான் வேகமாகச் சுற்றுகிறது என்றேன். அதற்கு அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "அப்படின்னா ரெண்டாவது பக்கம் மட்டும் எப்படிடா கச்சிதமா சேருது?"

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பதில் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இல்லை. கிளாரினெட் குளிர்ந்திருக்கும்போது சுருதி சற்றுத் தாழ்ந்து பேசும், ஊத ஊதச் சூடேறி உயரும். இது உண்மை. இதை வைத்து ஒரு விளக்கம் கட்டினேன். முதல் பக்கத்தின்போது வாத்தியம் குளிர்ந்திருக்கிறது, இரண்டாம் பக்கம் வருவதற்குள் சூடேறிவிடுகிறது, அவ்வளவுதான். உலகமே கொண்டாடுகிற தட்டில் தப்பு இருக்குமா, கொலம்பியா கம்பெனிக்காரனுக்குக் காது இல்லையா என்றும் ஒரு போடு போட்டேன்.

இரண்டாம் பக்கத்தை ஒருமுறை முதலில் போட்டுப் பார்த்திருந்தால் போதும், என் விளக்கம் அங்கேயே உடைந்திருக்கும். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

அவன் என்னை நம்பினான். லேத் பட்டறை ஒன்றுக்குப் போய் பேரலைக் கொஞ்சம் கடைந்து குட்டையாக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதன்பிறகு முதல் பக்கத்தோடு ஓரளவு சேர்ந்தது. ஆனால் சர்ச்சில் ஆர்கனோடு சேரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பேரலை ஆடுகிற அளவுக்கு வெளியே இழுத்து வைத்து வாசித்தான். அப்படி இழுத்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் இறங்காது. சில சுரங்கள் பிசகும். உனக்குக் காது போய்விட்டது என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பதையே குறைத்துக்கொண்டான்.

இனி நியூயார்க்கில் நடந்தது. அந்தக் காலத்தில் முக்கியமான பதிவுகளை ஒரே நேரத்தில் இரண்டு டேப் மெஷின்களில் எடுப்பார்கள். ஒன்று மூலப் பிரதி, இன்னொன்று ஆபத்துக்கு உதவ ஒரு மாற்றுப் பிரதி. 1959 மார்ச் 2 அன்று மூலப் பிரதியை எடுத்த மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடுகிற டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும்? பாட்டு விரைந்து போகும், சுருதியும் கூடவே ஏறும். அரைச்சுரத்துக்கும் குறைவான ஏற்றம்தான். கேட்டு ரசிப்பவருக்குத் தெரியாது. சுருதி மாற்ற முடியாத வாத்தியத்தோடு கூடவே வாசிப்பவருக்கு அது நரகம். இந்தக் கட்டையிலும் சேராது, அடுத்த கட்டையிலும் சேராது. ஏப்ரல் 22-க்குள் மெஷின் சரியாகிவிட்டது. அதனால் இரண்டாம் பக்கம் மட்டும் கச்சிதம்.

அந்த மூலப் பிரதியிலிருந்துதான் 33 வருடம் உலகம் முழுக்கத் தட்டுகள் வந்தன. இத்தனைக்கும் தவறு ஒன்றோடு நிற்கவில்லை. ஆரம்ப காலப் பிரதிகளில் இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளின் பெயர்களே முன்பின்னாக அச்சாகியிருந்தன. 'ஆல் ப்ளூஸ்' கேட்கிறோம் என்று நினைத்து 'ஃப்ளமெங்கோ ஸ்கெச்சஸ்' கேட்டவர்கள் உண்டு.

1992-ல் கொலம்பியா இதைத் தங்கத் தட்டாக வெளியிட முடிவு செய்தது. அதற்காக உழைத்த மார்க் வைல்டர் என்ற ஒலிப்பொறியாளர் மாற்றுப் பிரதியை எடுத்து ஓடவிட்டார். மூலப் பிரதி ஆயிரம் தடவை ஓடித் தேய்ந்திருந்தது. மாற்றுப் பிரதியை யாரும் அதிகம் தொடவில்லை. இரண்டையும் ஒப்பிட்டபோதுதான் வேக வித்தியாசம் வெளியே வந்தது. மைல்ஸ் டேவிஸ் 1991 செப்டம்பரில் இறந்துபோனார். திருத்தப்பட்ட தட்டு வந்தது அதற்கு அடுத்த வருடம்.

1997-ல் வைல்டரே இன்னொரு முறை செய்தார். இம்முறை 1950-களின் வால்வு மெஷின் ஒன்றைச் செப்பனிட்டு, அதில் மூன்று தட டேப்பை ஓட்டி, புதிதாகவே கலவை செய்தார்கள். அந்த டேப்பில் இடது, நடு, வலது என்று மூன்று தடங்கள். கோல்ட்ரேனும் பியானோவும் இடப்பக்கம், மைல்ஸ் நடுவில், ஆடர்லியும் டிரம்ஸும் வலப்பக்கம். மூன்றையும் இரண்டாகச் சேர்க்கும்போது எதை எவ்வளவு வைப்பது, எதிரொலி எவ்வளவு சேர்ப்பது என்பதெல்லாம் சேர்ப்பவரின் முடிவு. ஆகவே 1959-ல் கேட்ட அதே கலவை இது என்று சொல்ல முடியாது. வேகம் சரியானது, கலவை புதியது. ஒன்றில் மூலத்தை நெருங்கியது, இன்னொன்றில் விலகியது.

என்னிடம் உள்ள மூன்று சி.டி.க்கள் இவை: 1980-களின் பிற்பகுதியில் வந்த பழையது, 1992-ன் தங்கத் தட்டு, 1997-ன் பதிப்பு. ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்ததும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தட்டு இன்னொன்றைவிடத் துளி சத்தமாக ஒலித்தாலும் அதுவே நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். அதனால் முதலில் மூன்றின் சத்தத்தையும் சமன் செய்தேன். எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதபடி மனைவி தட்டை மாற்றினாள். காபிக்கு நடுவே அலுத்துக்கொண்டுதான் செய்தாள்.

இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளில் தங்கத் தட்டையும் 1997-ன் தட்டையும் என்னால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பத்து தடவையில் ஆறு சரி. காசு சுண்டினாலும் அவ்வளவு வரும். தங்கம் துருப்பிடிக்காது, தட்டு நீண்ட நாள் இருக்கும் என்பது நியாயமான வாதம். ஆனால் தட்டில் இருப்பது எண்கள். எண்களுக்குத் தங்கம், அலுமினியம் என்ற பேதம் கிடையாது. என் காதும் எழுபதைத் தாண்டிய காது, மேல்தட்டு ஒலிகள் அதற்கு எட்டுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சி.டி.யை மட்டும் கண்டுபிடித்தேன். டேப்பின் இரைச்சல் அதில் கூடுதல், டிரம்ஸ் தட்டின் ஒலி மங்கல்.

முதல் பக்கத்துப் பாட்டுகளில் குழப்பமே இல்லை. பழையது விரைகிறது, மற்ற இரண்டும் நிதானம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருத்திய 'சோ வாட்'டை முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போலிருந்தது. இருபத்துச் சொச்சம் வருடம் தப்பைக் கேட்டுப் பழகிய காதுக்குச் சரியானது தப்பாகப் படுகிறது.

2022-ல் இன்னொரு விவகாரம் வெடித்தது. மொபைல் ஃபிடிலிட்டி என்ற புகழ்பெற்ற ரீமாஸ்டர் நிறுவனத்தின் விலையுயர்ந்த எல்.பி.க்கள் பலவற்றில், டேப்புக்கும் தட்டுக்கும் நடுவே டிஜிட்டல் கட்டம் ஒன்று பல வருடமாக இருந்து வந்தது தெரியவந்தது. டிஜிட்டல் கலந்தாலே எங்கள் காது சொல்லிவிடும் என்றவர்கள் பலர் அந்தத் தட்டுகளைத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பெயரைக் கேட்டவன்தான், தட்டைக் கேட்டவனில்லை.

1998-ல் அண்ணன் மகன் அந்த 1997 தட்டை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தான். கூட வந்த சிறு புத்தகத்தில் வேகப் பிழையின் கதை இருந்தது. படித்து முடித்ததும் உட்கார முடியவில்லை. மறுநாளே தட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து நண்பன் வீட்டுக்குப் போனேன். பல் இரண்டு விழுந்து அவன் ஊதுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகியிருந்தன. புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, மெதுவாகப் படித்தான். திரும்ப ஒருமுறை படித்தான்.

"நான்தான் சொன்னேனே" என்று அவன் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அந்தக் குட்டைப் பேரலை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான்.

"இப்போ மரத்தைத் திருப்பி ஒட்ட முடியுமாடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

அன்று மாலை இருவரும் முழு ஆல்பத்தையும் கேட்டோம். இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளை முதலில் போடு என்றான். போட்டேன்.